எக்மோவா, குப்புறப் படுக்க வைப்பதா? மூச்சு கைவிடும் நேரத்தில் எதை முதலில் கேட்பது

ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற குடும்பத்திடம் மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். மாஸ்க் வைத்தும் தாங்கவில்லை, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்கலாமா? டியூப் போட்டும் ஆக்சிஜன் ஏறவில்லை, எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) இருக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்றுகிறீர்களா? எல்லாம் செய்தாகிவிட்டது, இதற்கு மேலும் தொடரலாமா? ஒவ்வொன்றுக்கும் சீக்கிரமே பதில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் யாருக்கும் நிதானமாக யோசிக்கத் தெம்பு இருக்காது. அதனால் தெம்பு இருக்கும்போதே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த 25 ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில் அதிக உயிர்களைக் காத்தவை இரண்டு காரியங்கள்: வென்டிலேட்டரில் மூச்சின் அளவைச் சிறியதாக வைப்பது, நேரத்தோடு நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது. இரண்டுக்கும் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. எக்மோவுக்கும் இடம் உண்டு. ஆனால் அது இவ்விரண்டுக்கும் பிறகு, சிலருக்கு மட்டும்.

எந்த வகை மூச்சுத் திணறல் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கட்டுவிரியன் கடித்தவருக்கு நுரையீரலில் ஒரு குறையும் இருக்காது. விஷம் மூச்சுத் தசைகளை முடக்கியிருக்கும். சில நாள் வென்டிலேட்டர் மூச்சை இழுத்துக் கொடுத்தால், நரம்புகள் தேறியதும் அவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம். நான் பேசுவது அவரைப் பற்றி அல்ல. நுரையீரலே நீர் கோத்துக் கனத்துப்போகும் நிலையைப் பற்றி. நிமோனியா, செப்சிஸ் என்ற கடும் கிருமித்தொற்று, கணைய அழற்சி, கோவிட், நம் பக்கத்து ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் என்று எதில் தொடங்கினாலும் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத்தான் தெரியும். 1967-ல் அமெரிக்காவின் டென்வரில் ஆஷ்பா, பெட்டி முதலான மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இதை முதன்முதலில் விவரித்தார்கள். ஏ.ஆர்.டி.எஸ். என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு எண் உண்டு. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தமனி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளிக்குக் கொடுக்கிற ஆக்சிஜன் விகிதத்தால் வகுக்க வேண்டும். 60 சதவீத ஆக்சிஜன் கொடுத்து, ஏ.பி.ஜி. என்ற தமனி ரத்தப் பரிசோதனையில் 72 வந்தால், 72-ஐ 0.6-ஆல் வகுத்தால் 120. நல்ல நுரையீரலில் இது 400-க்கு மேல் இருக்கும். 2012-ல் வந்த பெர்லின் வரையறைப்படி 300-க்குக் கீழே வந்தால் லேசானது, 200-க்குக் கீழே நடுத்தரம், 100-க்குக் கீழே கடுமை. விரலில் மாட்டும் கருவியைப் பார்த்து 'சாச்சுரேஷன் 92 இருக்கு' என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 2 லிட்டர் ஆக்சிஜனில் 92 வேறு, 60 லிட்டரில் 92 வேறு. கறுத்த தோலில் அந்தக் கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று எச்சரித்தது, ஏ.பி.ஜி. பார்க்கச் சொல்ல நமக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். டியூப் போடுவதற்கு முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஹை ஃப்ளோ: சூடாக்கி ஈரமாக்கிய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை மூக்கு வழியாகச் செலுத்துவது. நோயாளி பேசலாம், தண்ணீர் குடிக்கலாம். மற்றொன்று சிபேப், பைபேப் வகை: முகத்தோடு இறுக்கிய மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பது. 2015-ல் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் 310 பேரிடம் நடந்த ஆய்வில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஹை ஃப்ளோவில் 12 சதவீதம், சாதாரண ஆக்சிஜனில் 23, அழுத்த மாஸ்க்கில் 28. ஹை ஃப்ளோதான் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் கோவிட் காலத்தில் பிரிட்டனில் 1,200-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் சிபேப் முந்தியது: டியூப் போட வேண்டி வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்த்து அதில் 36 சதவீதம், சாதாரண ஆக்சிஜனில் 44. ஹை ஃப்ளோவால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மாஸ்க் என்பதில் சண்டை போட வேண்டியதில்லை என்றே எனக்குப் படுகிறது. நோயாளி எதைத் தாங்குகிறார், அந்த ஆஸ்பத்திரி எதை நன்றாகக் கையாளும் என்று பாருங்கள். ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். முழு ஆக்சிஜனாக நிமிடத்துக்கு 60 லிட்டர் போனால் இரண்டு மணி நேரம்கூட வராது. திரவ ஆக்சிஜன் தொட்டியும் குழாய் இணைப்பும் இல்லாத சிறு ஆஸ்பத்திரியில் ஹை ஃப்ளோவை நம்பி இரவைக் கடத்துவது ஆபத்து. 2021 மே மாதத்தை மறந்தவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாஸ்க்கைவிட முக்கியமானது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான். கொரியாவில் ஹை ஃப்ளோ பலிக்காமல் டியூப் போடப்பட்ட 175 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் டியூப் போட்டவர்களில் ஐ.சி.யூ.வில் இறந்தது 39 சதவீதம். அதற்குப் பிறகு போட்டவர்களில் 67 சதவீதம். இது பழைய பதிவுகளைப் பார்த்துச் செய்த ஆய்வு, அதனால் தாமதம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எச்சரிக்கை போதும். ராக்ஸ் என்று ஒரு கணக்கு இருக்கிறது: சாச்சுரேஷனை ஆக்சிஜன் விகிதத்தால் வகுத்து, வருவதை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற எண்ணால் மறுபடி வகுப்பது. 4.88-ம் அதற்கு மேலும் இருந்தால் டியூப் தேவைப்படும் வாய்ப்புக் குறைவு. 60 சதவீத ஆக்சிஜனில் 92 சாச்சுரேஷன் உள்ளவர் நிமிடத்துக்கு 24 தடவை மூச்சு விட்டால் இது 6.4, அதே ஆள் 36 தடவை விட்டால் 4.3. திரையில் சாச்சுரேஷன் அப்படியே நிற்கும்போதே அவர் சோர்ந்துகொண்டு வருவதை மூச்சு எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். உறவினர்களே மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்.

'டியூப் போட்டால் ஆள் திரும்ப மாட்டார்' என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. மிகவும் முடியாதவர்களுக்குத்தான் டியூப் போடுகிறார்கள், அதனால்தான் அதன் பிறகு இறப்பவர்கள் அதிகமாகத் தெரிகிறார்கள். 2016-ல் வெளியான, 50 நாடுகளின் 459 ஐ.சி.யூ.க்களைப் பார்த்த லங் சேஃப் ஆய்வில், கடுமையான பிரிவிலேயே இறந்தவர்கள் 46 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியை விட்டு உயிரோடு வெளியே வந்தார்கள். காலம் கடத்தி, நோயாளி முழுக்கச் சோர்ந்த பிறகு அவசரமாகப் போடும் டியூப்தான் பயப்பட வேண்டியது.

டியூப் போட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி எந்தக் குடும்பமும் கேட்பதில்லை. 1980-களில் இத்தாலியின் லூச்சியானோ கட்டினோனி சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, இந்த நோயாளிகளின் நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி கெட்டுப்போகவில்லை என்று தெரிந்தது. பெரும்பகுதி அடைத்துக் கிடக்க, காற்று புகும் பகுதி மட்டும் ஒரு சின்னக் குழந்தையின் நுரையீரல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பெரியவருக்கான மூச்சை அந்தச் சிறு பகுதிக்குள் திணித்தால், மிச்சமிருக்கும் நல்ல இடமும் கிழிந்து வீங்கும். காப்பாற்ற வந்த கருவியே கெடுத்துவிடும். 2000-ல் அமெரிக்காவில் 861 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு கிலோ எடைக்கு 12 மில்லி லிட்டர் என்ற வழக்கமான மூச்சில் இறந்தவர்கள் 39.8 சதவீதம். 6 மில்லி லிட்டராகக் குறைத்தபோது 31 சதவீதம். மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. மூச்சின் அளவைக் குறைத்து வைத்தார்கள், நூற்றுக்கு ஒன்பது பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த எடை, கட்டிலில் கிடக்கிறவரின் எடை அல்ல, உயரத்திலிருந்து கணக்கிடும் எடை. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்குக் கணக்கு எடை 61.5 கிலோ, மூச்சுக்கு 370 மில்லி லிட்டர். அவர் 85 கிலோ இருக்கிறார் என்று 85-ஐ வைத்துக் கணக்கிட்டால் 510 ஆகிவிடும். 155 செ.மீ. பெண்ணுக்கு 290-க்குக்கூட வராது. உயரம் குறைந்த பெண்களுக்கே அதிகம் திணிக்கப்படும் அபாயம். ஆகவே ஐ.சி.யூ. எவ்வளவு பெரியது, என்ன பிராண்டு வென்டிலேட்டர் என்று விசாரிப்பதைவிட, 'உயரம் அளந்தீங்களா டாக்டர், ஆறு மில்லி கணக்கிலதான் வெச்சிருக்கீங்களா?' என்று கேட்பது பலன் தரும். ஒரு அளவு நாடா போதும்.

அப்புறம், தலைப்பில் கேட்ட கேள்வி.

மல்லாந்து படுத்திருக்கும்போது இதயமும் வயிறும் நுரையீரலின் பின்பக்கத்தை அழுத்துகின்றன. நீர் கோத்த நுரையீரல் நனைந்த பஞ்சு மெத்தை மாதிரி தன் பாரத்தாலேயே கீழ்ப்பக்கம் நசுங்கிக் கிடக்கும். முதுகுப் பக்கத்தில்தான் நுரையீரல் திசுவும் ரத்த ஓட்டமும் அதிகம். ரத்தம் போகும் இடத்தில் காற்று இல்லை என்றால் வெளியே எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் ஏறாது. ஆளைக் குப்புறப் போட்டால் அந்தப் பின்பக்கம் திறக்கிறது, மூச்சின் அழுத்தமும் எல்லாப் பகுதிக்கும் பரவலாகப் போய்ச் சேருகிறது. 2013-ல் குளோட் கெரான் தலைமையில் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் நடந்த ப்ரோசீவா ஆய்வில் 466 பேர், எல்லோருக்கும் நான் மேலே சொன்ன ஆக்சிஜன் எண் 150-க்குக் கீழே. மல்லாந்தே இருந்தவர்களில் 28 நாளில் இறந்தவர்கள் 32.8 சதவீதம். தினமும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுத்தவர்களில் 16 சதவீதம். பாதிக்குப் பாதி. ஐ.சி.யூ. ஆய்வுகளில் இப்படி ஒரு வித்தியாசம் அபூர்வம்.

அந்த 16 மணி நேரத்தை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். 2001-ல் கட்டினோனியின் குழுவே தினம் ஏழு மணி நேரம் போல் குப்புறப் போட்டுப் பார்த்தது. ஆக்சிஜன் ஏறியது, உயிரிழப்பு குறையவில்லை. மதியம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம் என்பது பலிக்காது. 'குப்புறப் போட்டும் சாச்சுரேஷன் ஏறலை, அதனால திருப்பிட்டோம்' என்றால், அதுவும் சரியில்லை. ப்ரோசீவாவில் ஆக்சிஜன் ஏறியவர், ஏறாதவர் என்று பிரித்துப் பார்த்தபோதும், பிழைத்ததற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. நுரையீரலை வென்டிலேட்டரின் காயத்திலிருந்து காப்பதே பெரிய லாபம் என்று இதிலிருந்து புரிகிறது.

இதற்குச் செலவு ஆட்கள்தான். தலைமாட்டில் டியூபைப் பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு பேர். முகத்திலும் மார்பிலும் படுக்கைப் புண் வரலாம், முகம் வீங்கிப்போகும், பார்க்கிற குடும்பத்துக்கு மனசு பதறும். டியூப் நழுவினால் உயிருக்கே ஆபத்து, அதனால் பழகிய கைகள் வேண்டும். இத்தனைக்கும் லங் சேஃப் ஆய்வில், கடுமையான நோயாளிகளில் குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்கள் 16 சதவீதம் பேர்தான். கோவிடுக்குப் பிறகு பல இடங்களில் நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் இந்த எண் என்னை இன்னும் உறுத்துகிறது. விலையில்லாத, உயிரிழப்பைப் பாதியாக்கிய ஒரு சிகிச்சை ஆறில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

டியூப் போடாமல் விழித்திருக்கும் கோவிட் நோயாளிகளும் குப்புறப் படுக்கலாம். ஆறு நாடுகளில் 1,100-க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் டியூப் அல்லது மரணம் 46-லிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. லாபம் சிறிது, ஆனால் கைக்கு எட்டியது.

எக்மோ என்ற சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்தது இரண்டு இழப்புகளோடு. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கு இதயத் துடிப்பு நின்ற பின் வைக்கப்பட்டது, 2020-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குக் கோவிடால் நுரையீரல் செயலிழந்தபோது வைக்கப்பட்டது. ஒன்று இதயம் நின்றபோது, இன்னொன்று நுரையீரலுக்காக. இரண்டும் வேறு வேறு சிகிச்சை, வெற்றி வாய்ப்பும் வேறு. இங்கே பேசுவது நுரையீரலுக்கானதை. தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய சிரையிலிருந்து நிமிடத்துக்கு நான்கைந்து லிட்டர் ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு சவ்வு வழியாக ஆக்சிஜன் ஏற்றி, கரியமில வாயுவை நீக்கி, மறுபடி சிரைக்கே அனுப்புவார்கள். நுரையீரலை அது குணப்படுத்தாது, குணமாக அவகாசம் வாங்கித் தரும். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போக வேண்டும், அதனால் ரத்தக் கசிவு இதன் நிழல்போல் கூடவே வரும்.

2018-ல் வெளியான இயோலியா ஆய்வில் 249 பேர். 60 நாளில் இறந்தவர்கள் எக்மோவில் 35 சதவீதம், நல்ல முறையில் நடத்திய வழக்கமான சிகிச்சையில் 46. பதினொரு சதவீத வித்தியாசம். ஆனால் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று புள்ளியியல் சொன்னது. வழக்கமான பிரிவில் 28 சதவீதம் பேரை உயிர் போகும் நிலையில் எக்மோவுக்கு மாற்ற வேண்டியிருந்ததும் கணக்கைக் குழப்பியது. பிறகு இதையும் பிரிட்டனின் சீசர் ஆய்வையும் சேர்த்து 429 பேரின் விவரத்தைப் பார்த்தபோது, 90 நாள் இறப்பு 48-க்கு எதிராக 36 சதவீதம். ஆகவே எக்மோ பலிக்கிறது என்பதே என் கருத்து. யாருக்கு என்பதுதான் கேள்வி. இயோலியாவில் சேர்க்கப்பட்டவர்கள் வென்டிலேட்டரில் ஏழு நாள் ஆகாதவர்கள், எல்லா முயற்சிக்குப் பிறகும் அந்த ஆக்சிஜன் எண் 80-க்குக் கீழே ஆறு மணி நேரத்துக்கு மேல், அல்லது 50-க்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றவர்கள். வழக்கமான பிரிவிலும் பத்தில் ஒன்பது பேரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். குப்புறப் போட்டே பார்க்காமல், வென்டிலேட்டரில் மூன்று வாரம் கழித்து, சிறுநீரகமும் கல்லீரலும் போன பிறகு எக்மோவுக்கு அனுப்பும்போது இந்த 36 சதவீதத்தை எதிர்பார்க்க முடியாது.

சீசர் ஆய்வில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. எக்மோ பிரிவினரை லெஸ்டர் நகரத்து மையத்துக்கு மாற்றினார்கள். ஊனமில்லாமல் ஆறு மாதம் பிழைத்தவர்கள் அந்தப் பிரிவில் 63 சதவீதம், மற்றதில் 47. ஆனால் மாற்ற ஒதுக்கப்பட்டவர்களில் முக்கால் பங்குப் பேருக்குத்தான் எக்மோவே வைத்தார்கள். சிலர் பயணத்துக்கு முன்போ வழியிலோ இறந்தார்கள். பலர் அங்கே போனதும் நல்ல வென்டிலேட்டர் கவனிப்பிலேயே தேறினார்கள். அப்படியானால் லாபத்தில் ஒரு பங்கு கருவிக்கு, ஒரு பங்கு அந்த இடத்துக்கு. அதனால் மாற்றுவதா என்று கேட்டால், எக்மோ இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்காமல், இந்த நோயை நிறையப் பார்த்த ஐ.சி.யூ.வா என்று பாருங்கள். எக்மோ மையத்திடம் கேட்க வேண்டியது, 'வருஷத்துக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீங்க?' உலகளாவிய பதிவேட்டை ஆராய்ந்து 2015-ல் வெளியான கட்டுரையில், ஆண்டுக்கு 30 பெரியவர்களுக்கு மேல் எக்மோ வைத்த மையங்களில் இறப்பு, ஆறுக்கும் குறைவாக வைத்த இடங்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. செலவு பல லட்சம் போகும், வீட்டை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிவுக்கு முன் இந்த ஒரு எண்ணையாவது கேட்டு வாங்குவது நியாயம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதிவேகமாக அதிரும் வகை வென்டிலேட்டர் 2013-ல் ஒரு பெரிய ஆய்வில் இறப்பை 35-லிருந்து 47 சதவீதமாகக் கூட்டியது; வேண்டாம். நைட்ரிக் ஆக்சைடு வாயு ஆக்சிஜனைக் கொஞ்ச நேரம் ஏற்றும், உயிரைக் காத்ததாக நிரூபணமில்லை. கரியமில வாயுவை மட்டும் நீக்கும் சிறு எக்மோவையும் பிரிட்டனில் 412 பேரிடம் பார்த்தார்கள், பலன் இல்லை. மாறாக, டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை 41-லிருந்து 29 சதவீதமாக்கியது. கோவிடுக்கு முன் ஸ்பெயினில் நடந்த ஆய்வு மற்ற ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளுக்கும் பலன் காட்டியது. இதற்கெல்லாம் காரணமான அடிப்படை நோய்க்கு மருந்து கொடுப்பதையும் மறக்கக் கூடாது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு, நீடித்த காய்ச்சல், நீடித்த சிக்கல்கள் எல்லாம் சேர்த்து 33 சதவீதம். ஒற்றை மருந்தில் 47, 48.

மூன்றாவது கேள்வி, தொடரலாமா என்பது. பிழைத்தவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கனடாவின் மார்கரெட் ஹெரிட்ஜ், பிழைத்த 109 பேரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார். நுரையீரல் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்திருந்தது. உடம்பின் பலம் வரவில்லை: ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், அந்த வயதுக்கு எதிர்பார்ப்பதில் 76 சதவீதம். மனச்சோர்வும் பதற்றமும் நோயாளிக்கு மட்டுமல்ல, கவனித்துக்கொண்ட குடும்பத்துக்கும் இருந்தன. நாற்பது வயதில் ஆரோக்கியமாக இருந்து நிமோனியாவில் விழுந்தவருக்கு இது முழு மூச்சாகப் போராட வேண்டிய வாழ்க்கை. எண்பது வயதில், ஏற்கெனவே படுக்கையில் இருந்தவருக்கு, அவர் என்ன விரும்பியிருப்பார் என்பதே முதல் கேள்வி.

எனக்குச் சரியென்று படுவது, கால வரையறையோடு முயற்சிப்பது. ஐந்து நாளோ ஏழு நாளோ எல்லாவற்றையும் முழுமையாகச் செய்வது. எது தேறினால் தொடர்வோம், எது போனால் நிறுத்துவோம் என்று முதல் நாளே மருத்துவரோடு பேசி வைப்பது. உயிர்காப்புக் கருவிகளை விலக்கும் முடிவுக்கு இந்தியாவில் சட்ட இடம் உண்டு. உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை ஏற்றது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிமையாக்கியது. முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணத்தை இப்போது நோட்டரி முன்பே செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும். விலக்குவது என்றால் கைவிடுவது அல்ல: மூச்சுத் திணறலுக்கு மார்ஃபின் கொடுப்பார்கள், வீட்டார் பக்கத்தில் இருக்க அனுமதி கேட்கலாம், கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பேச்சை மருத்துவர் தானாக எடுக்கவில்லை என்றால், மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் நீங்களே எடுக்கலாம்.